படத்தில் இல்லாத தூண்

ஒரு விடுகதை. முதலில் பழம். பிறகு காய். மறுபடியும் பழம். எந்த மரத்தில் அப்படி?

பெரியவர்கள் மாமரம், பலாமரம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் தேட மாட்டார்கள். சுண்டுவிரலை நீட்டினால் காய். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. இரண்டு விரல்களைச் சேர்த்து நீட்டி மற்றவளின் விரல்களைத் தொட்டால் பழம். அந்த நிமிடத்திலிருந்து பேசலாம். எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் முளைக்கிற மரம்தான் அது.

இந்தக் கதையின் பள்ளிக்கூடம் உப்பளங்களுக்கு நடுவே இருந்தது. உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். தலைமையாசிரியை பெயர் ஞானசௌந்தரி. பிள்ளைகளுக்கு அவர் பெரிய டீச்சர். பாடம் நடத்துவது எப்படி என்று கற்றுக்கொள்ள அவரிடம் ஒரு சீடன் வந்து சேர்ந்தான். பெயர் இசக்கியப்பன். கல்லூரியில் பயிற்சி முடித்தவன். ஐந்தாம் வகுப்பை அவனிடம் கொடுத்திருந்தார்.

ஒரு நாள் மாலை சீடன் கேட்டான்.

"டீச்சர், எந்தப் பிள்ளைக்கு யார் சேக்காளின்னு தெரிஞ்சா, அதுக்கு ஏத்த மாதிரி உட்கார வைக்கலாம். மனசு நல்லா இருந்தா படிப்பும் வரும். சரிதானே?"

"சரிதான்."

"அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு டீச்சர்."

"கண்டுபிடி."

மறுநாள் அவன் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தான். உன் பக்கத்தில் யார் உட்கார வேண்டும், இரண்டு பெயர் எழுது என்றான். எழுதியதை யாருக்கும் காட்டக் கூடாது என்றும் சொன்னான். பிறகு பெரிய வெள்ளைத் தாளை எடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வட்டம் போட்டான். யார் யாருடைய பெயரை எழுதினார்களோ, எழுதியவரின் வட்டத்திலிருந்து அந்தப் பெயரின் வட்டத்துக்கு ஓர் அம்பு. முடித்ததும் குருவிடம் கொண்டுபோய் விரித்தான்.

குரு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"கோலம் மாதிரி இருக்கு."

"இது சூசை, டீச்சர். இவன் பேரை யாருமே எழுதல. பாருங்க, ஒரு அம்புகூட வரல. ஆனா இவன் அந்தோணி பேரை எழுதியிருக்கான். அதனால அந்தோணி பக்கத்துல உட்கார வைக்கப்போறேன்."

"வை."

"இவ பேச்சி. நாலு பக்கத்துலேருந்தும் அம்பு வருது. வகுப்புக்கே இவதான் ராணி."

"அவ யாரை எழுதினா?"

"முத்தரசியை. கவனமில்லாம ரெண்டு இடத்துலயும் அதே பேரை எழுதிட்டா. ஒண்ணை அடிச்சிட்டேன்."

"முத்தரசி?"

"அவ ஸ்டெல்லாவையும் மாரிசெல்வியையும் எழுதியிருக்கா. இப்போ பேச்சிகிட்ட உட்கார்ந்திருக்கா. அவ கேட்டபடி அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாத்திடுவேன்."

குரு தாளை மடித்துக் கொடுத்தார்.

இடங்கள் மாறின. சில நாள்களில் சூசை வகுப்பில் சத்தமாகச் சிரித்தான். அந்தோணி அவன் காதில் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. பக்கத்து வகுப்பில் இருந்த குருவுக்கு அது கேட்டது.

"அந்தப் பையன் சிரிச்சு நான் கேட்டதே இல்ல" என்றார் மாலையில். "உன் படம் வேலை செய்யுது."

சீடனுக்கு மகிழ்ச்சி. ஆனால் சொல்ல வேண்டிய இன்னொன்றும் அவனிடம் இருந்தது.

"முத்தரசிதான் வாசிக்க மாட்டேங்கிறா, டீச்சர். முன்னெல்லாம் தட்டுத்தடுமாறி வாசிப்பா. இப்போ புத்தகத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு சும்மா இருக்கா."

"முன்னெல்லாம் எப்படி வாசிச்சா?"

சீடன் யோசித்தான். "பேச்சி வரிக்குக் கீழ விரலை ஓட்டிக்கிட்டே வருவா. இவ அந்த விரலைப் பார்த்து வாசிப்பா."

"மறுபடியும் கேள்."

"அதே கேள்வியவா?"

"அதே கேள்விய."

சீடன் மறுபடியும் துண்டுத்தாள் கொடுத்தான். மறுபடியும் வட்டம் போட்டான். இந்த முறை முத்தரசியின் வட்டத்துக்கு ஓர் அம்புகூட வரவில்லை. அங்கிருந்து போகவும் இல்லை. அவள் வெறும் தாளை மடித்துக் கொடுத்திருந்தாள்.

சீடன் வகுப்பில் எழுந்து நின்று கேட்டான். "முத்தரசிகூட ஏன் யாரும் சேர மாட்டேங்கிறீங்க?"

பிள்ளைகள் பேச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அந்தோணி எழுந்தான்.

"பேச்சி அவகூட காய் சார்."

"அது அவங்க ரெண்டு பேரு விஷயம். நீங்க எல்லாரும்?"

"அவகூட யாரு பேசினாலும் அவங்ககூடவும் காய்னு பேச்சி சொல்லிட்டா சார்."

"ஸ்டெல்லா, நீ அவ பக்கத்துலதானே இருக்கே?"

"பக்கத்துலதான் இருக்கேன் சார். பேசல."

"மாரிசெல்வி?"

"நானும் அப்படித்தான் சார். நேத்து அவ கால மிதிச்சிட்டேன். 'ஐயோ'ன்னு மட்டும் சொன்னேன். அது பேச்சுல வருமா சார்?"

"பேச்சின்னு பேரை வெச்சுக்கிட்டு ஊரையே பேச விடமாட்டேங்கா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பு சிரித்தது. பேச்சி சிரிக்கவில்லை. முத்தரசியும் சிரிக்கவில்லை.

மணி அடித்ததும் முத்தரசி சீடனிடம் வந்தாள்.

"சார், ஞாயித்துக்கிழமை எங்கப்பா வருவாக. நான் பெட்டியோட போயிருதேன்."

"லீவா?"

"இல்ல சார். ஒரேயடியா."

நடுவில் போன பிள்ளைகளைப் பற்றிச் சீடனுக்குத் தெரியும். முதல் மாதம் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் பாத்தியில் உப்பு வாருவார்கள். அவர்களில் ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

அன்று பிற்பகலே அவன் பேச்சியையும் முத்தரசியையும் வகுப்பின் முன்னால் அழைத்தான்.

"பழம் விடுங்க."

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் நல்ல பிள்ளைங்கதானே. விடுங்க."

பேச்சி இரண்டு விரல்களை நீட்டினாள். முத்தரசியும் நீட்டினாள். விரல்கள் தொட்டன. சீடன் கைதட்டினான். வேறு யாரும் தட்டவில்லை.

"சார், அது செல்லாது" என்றான் அந்தோணி.

"ஏன்?"

"சார் சொல்லி விட்ட பழம் கணக்குல வராது. அதுவும் பேச்சி இடது கையில விட்டா."

சீடன் பேச்சியைப் பார்த்தான். அவள் இடது கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் அவன் குருவின் முன் இரண்டு படங்களையும் விரித்தான். பழைய படத்தில் முத்தரசிக்கு அம்புகள் இருந்தன. புதிய படத்தில் அவள் வட்டம் ஓரத்தில் தனியாகக் கிடந்தது.

"நான் என்ன செய்யணும் டீச்சர்?"

குரு புதிய படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"சாப்பாட்டுக் கூடத்துத் தூண் இதுல எங்க இருக்கு?"

"தூணா? இது பிள்ளைங்களோட படம் டீச்சர்."

"சரி. நாளைக்கு மத்தியானம் தூணுக்குப் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடு. யாரையும் ஒண்ணும் கேட்காதே."

சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் ஒரே ஒரு தூண். கனமான தூண், இரண்டு பிள்ளைகள் கைகோத்தால்தான் கட்டிப் பிடிக்கலாம். மறுநாள் சீடன் தட்டை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தூணின் ஒரு பக்கத்தில் முத்தரசி சாய்ந்திருந்தாள். அவளைச் சுற்றி இடம் காலியாக இருந்தது. மறுபக்கத்தில் பேச்சி சாய்ந்திருந்தாள். அவளைச் சுற்றிக் கூட்டம். இருவர் முதுகுக்கும் நடுவில் தூண்.

பேச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே சத்தமாகச் சொன்னாள்.

"தூணே, தூணே! இன்னைக்கு ஒரு ஆளுக்கு முட்டை வைக்க மறந்துட்டாங்க. எந்திரிச்சுப் போய்க் கேட்டு வாங்கலாம். வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்திரும்?"

மறுபக்கத்தில் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு முத்தரசி எழுந்து போனாள். முட்டையோடு வந்து உட்கார்ந்தாள்.

"தூணே, வாங்கியாச்சு."

"தூணே, நான் ஒண்ணும் யாருக்காவவும் சொல்லல. மிஞ்சின முட்டைய அந்தோணி தின்னுருவான். அதான் சொன்னேன்."

"ஏட்டி, என்னை எதுக்கு இழுக்க?" என்றான் அந்தோணி.

சீடன் அவன் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான். "காய்னு சொன்னீங்க. பேசிக்கிறாங்களே?"

"எங்க சார் பேசினாங்க? தூணுகிட்டல்லா பேசுதாங்க. தூணுகிட்டப் பேசுறது பேச்சுல சேராது சார்."

"தினமும் இப்படியா?"

"தினமும்தான். நேத்து முத்தரசி பாவாடையில முடிச்சு அவுந்திருக்குன்னு பேச்சி தூணுகிட்டச் சொன்னா. முந்தாநாளு தூணுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தா."

சீடன் வாயில் வைத்த கவளத்தை மெல்ல மறந்தான்.

பேச்சி மறுபடி தொடங்கினாள். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது.

"தூணே. சார் ரெண்டு பேரு எழுதச் சொன்னாங்க. நான் ரெண்டு இடத்துலயும் ஒரே பேரைத்தான் எழுதினேன். எனக்கு வேற பேரு வரல. சில ஆளுகளுக்கு என் பேரு ஒரு இடத்துலகூட வரல. இடம் மாத்தும்போதுதான் எனக்கே தெரியும்."

மறுபக்கத்தில் முத்தரசி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"தூணே. யாரு பக்கத்துல வேணும்னுதான் சார் கேட்டாங்க. பக்கத்துலயே இருக்கவள எதுக்குக் கேக்கணும்? தட்டுல கிடக்கிற சோத்தை யாராவது போடுங்கன்னு கேப்பாங்களா? இல்லாததைத்தான கேப்பாங்க?"

எல்லோரும் தட்டைப் பார்ப்பதுபோல் தூணைப் பார்த்தார்கள். பேச்சியின் காது சிவந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

சீடன் கைகூடக் காயாமல் குருவிடம் வந்தான்.

"காரணம் கிடைச்சிருச்சு டீச்சர். தப்பு என் கேள்வியில."

"ம்."

"நான் வகுப்புல விளக்கிச் சொல்லிடுறேன். முத்தரசி பேச்சியை வேண்டாம்னு நினைச்சு எழுதாம விடல, ஏற்கெனவே பக்கத்துல இருக்கான்னுதான் விட்டான்னு."

"பேச்சிக்கு அது கேட்கலையா?"

"கேட்டுச்சு. தூணுக்குப் பின்னாலதானே இருந்தா."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் கேட்டுச்சு."

"அப்போ யாருக்கு விளக்கப்போற?"

சீடன் கொஞ்சம் யோசித்தான்.

"ரெண்டு பேரையும் பழைய இடத்துலயே பக்கத்துல பக்கத்துல உட்கார வெச்சிரட்டுமா?"

"வெச்சா, தூணுகிட்ட எப்படிப் பேசுவாங்க?"

"ஞாயித்துக்கிழமை அவ போயிடுவா டீச்சர்."

"தெரியும்."

"அதுவரைக்கும் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"சும்மா இருக்கச் சொல்லல. அவ அப்பா முதல் வண்டியில வருவார். காலையில சாப்பிட்டிருக்க மாட்டார். கூடத்துல உட்கார வெச்சு இட்லி போடு. சட்னி கொஞ்சம் பிந்தி வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த பாதங்கள். செருப்பைக் கூடத்து வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சீடன் பாய் விரித்து இலை போட்டான்.

"எதுக்கு சார் இதெல்லாம்?"

"சாப்பிடுங்கண்ணே. வண்டிக்கு நேரம் இருக்கு."

அப்பா இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். "இவ படிக்கணும்னுதான் சார் எனக்கு. போன தடவை வந்தப்ப, அவளே வாரேன்னு ஒரே அழுகை. வீட்டுல கைப்பிள்ளை ஒண்ணு இருக்கு. இவ வந்தா இவ அம்மைக்கும் ஒத்தாசைதான். அதான் சரின்னுட்டேன்."

"இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?"

"வைங்க."

முத்தரசி தூணில் சாய்ந்து நின்றாள். காலடியில் தகரப் பெட்டி. துணிமணி எல்லாம் அதற்குள் போய்விட்டன. பாடப்புத்தகத்தை மட்டும் மேலே வைத்திருந்தாள். அது பள்ளிக்கூடத்துப் புத்தகம், திருப்பிக் கொடுக்க வேண்டியது.

பேச்சி உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தூணின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தூணே. என் பக்கத்து இடத்துல சார் மாரியப்பனை உட்கார வெச்சாங்க. நான் கிள்ளியே விரட்டிட்டேன். இப்ப அந்த இடம் சும்மாதான் கிடக்கு."

முத்தரசி குனிந்து பெட்டியின் மேலிருந்த புத்தகத்தை எடுத்தாள்.

"தூணே. போறவங்க போகட்டும். வேண்டாம்னு யாரும் கையப் பிடிச்சு இழுக்கல. இடம் சும்மா கிடக்குன்னுதான் சொன்னேன்."

அப்பா சட்னிக்காகக் காத்திருந்தார். சட்னி இன்னும் வரவில்லை.

"தூணே" என்றாள் முத்தரசி. "கிள்ளுறது தப்பு."

"தூணே, அவன் என் பென்சில் டப்பாவுல கொட்டாங்கச்சித் துண்டப் போட்டு வெச்சான். கிள்ளாம கொஞ்சவா செய்வாக?"

"தூணே, சார்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"தூணே, சார்கிட்டச் சொன்னா தாளக் குடுத்து எழுதச் சொல்லுவாக."

சீடன் சட்னிக் கிண்ணத்தோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான். குரு அவன் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய் இலையில் ஊற்றினார்.

அப்பா சாப்பிட்டு முடித்தார். இலையை மடித்தார். கை கழுவிவிட்டு வந்து மகளைப் பார்த்தார்.

"கிளம்புட்டி. வண்டி வந்துரும்."

அவர் பெட்டியைத் தூக்கினார். முத்தரசி புத்தகத்தைத் தூணின் அடியில் வைத்துவிட்டு அவர் பின்னால் நடந்தாள். பேச்சி எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் தூணைச் சுற்றி நீட்டிப் புத்தகத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

குருவும் சீடனும் வாசல் படியில் வந்து நின்றார்கள். சாலை எதிரிலேயே இருந்தது. அதற்கு அப்பால் உப்புக் குவியல்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அப்பாவும் மகளும் புளியமரத்தின் கீழே நின்றார்கள். அப்பா ஏதோ கேட்டார். முத்தரசி பதில் சொன்னாள். என்ன என்று படிக்குக் கேட்கவில்லை.

"நான் ஓடிப்போய்ப் போகாதேன்னு சொல்லட்டுமா டீச்சர்?" என்றான் சீடன்.

"அவ போறேன்னு இன்னைக்குச் சொன்னாளா?"

"இன்னைக்குச் சொல்லல."

"அப்போ பொறு."

தூரத்தில் வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டது. சீடன் கைகளைக் கட்டிக்கொண்டான். பிறகு அவிழ்த்தான்.

"ரெண்டு பேரும் இப்போ காயா, பழமா?"

"எனக்கும் தெரியல."

"தெரியாம படத்துல எப்படிப் போடுறது டீச்சர்?"

"பென்சில்ல போடு."

வண்டி வந்து நின்றது. அப்பா பெட்டியை ஏற்றினார். முத்தரசி அதை இறக்கினாள்.